அக்காவைப் பெரிய ஆளாக்கினார்கள்

என் இளைய மகள் ஷா ஆலமில் ஒரு தளவாடக் கடையில் வேலை செய்கிறாள். கடை முதலாளி இத்தாலியிலிருந்து மேசை நாற்காலி வரவழைக்கிறவர். அவளையும் ஒருமுறை அங்கே அனுப்புவதாக ஆசை காட்டியிருக்கிறார். அன்றிலிருந்து அவள் கைப்பேசியைக் காதோடு ஒட்டிக்கொண்டு இத்தாலிப் பேச்சு பழகுகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தபோதும் அதே கூத்துதான். நான் கங்கோங் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கைப்பேசி ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல, இவள் திருப்பிச் சொன்னாள். "பம்பீனா. ரகாட்சா. சிஞ்ஞோரினா."

"நடுவுல ஒண்ண விட்டுட்டியே. பம்பீனாவுக்கு அப்புறம் ரகாட்சினா. அதுக்கப்புறந்தான் ரகாட்சா," என்றேன்.

அவள் கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள். "மா! வாட்? உனக்கு எப்படிம்மா இட்டாலியன் தெரியும்?"

"படிச்சதில்ல. என்னைய அப்படிக் கூப்பிட்டிருக்காங்க."

மேலே சொல்ல முயன்றேன், முடியவில்லை. லயம் என்றால் என்ன, மண்டோர் என்றால் யார், மருந்துப் பம்பு எப்படியிருக்கும் என்று ஒவ்வொன்றுக்கும் நின்று நின்று விளக்கவேண்டியிருந்தது. பாதியிலேயே கீரைக்குத் திரும்பிவிட்டேன். அதனால் இதை உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் என் வயதுக்காரர்கள். புக்கிட் ரோத்தானிலிருந்து உள்ளே போகும் ஏதோ ஒரு செம்மண் சாலையின் கோடியில், ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பல குடும்பங்கள் அடைந்து கிடந்த லயத்து வீட்டில் பிறந்தவர்கள். உங்களிடம் பாதியில் நிறுத்தவேண்டியதில்லை.

எங்கள் தோட்டத்துக்கு வாரம் ஒருமுறை ஒரு வெள்ளைக்கார சிஸ்டர் வருவார். பட்டணத்துக் கான்வென்ட்டில் இருந்த கன்னியாஸ்திரி. இத்தாலிக்காரர். தோட்டத்தில் நாலைந்து கிறிஸ்தவக் குடும்பங்கள் இருந்தன. அவர்களுக்காக வந்தவர், மற்றப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு சிற்றாலயத்தின் பின்கட்டில் தையல் சொல்லிக்கொடுத்தார். நாங்கள் சாமி கும்பிடுகிற வீடு. ஆனால் தையலுக்குப் போக அம்மா தடை சொன்னதில்லை. அங்கே போனால் பிஸ்கட் கிடைக்கும், பிள்ளைகள் காலடியில் தொல்லை இல்லாமல் இருக்கும் என்கிற கணக்கு.

சிஸ்டருக்குத் தமிழ் வராது. மலாய் கொஞ்சம், ஆங்கிலம் கொஞ்சம். சிற்றாலயத்து உபதேசியாரின் மனைவிதான் மொழிபெயர்ப்பார். அந்த அம்மாளை எல்லோரும் டீச்சரம்மா என்போம். ஆனால் பிள்ளைகளைக் கூப்பிடும்போது மட்டும் சிஸ்டர் எந்த மொழியையும் கடன் வாங்கமாட்டார். சொந்த மொழிதான். இடுப்பில் தூக்கிவரும் குழந்தை என்றால் பிம்பா. என்னைப்போல் பல் விழுந்து முளைத்தவள் பம்பீனா. நூலைச் சிக்காக்கினால், ஊசியை ஒளித்துவைத்தால் மொனெல்லா. அது எங்கள் ஊர் 'அறுந்த வாலு'. அக்காவைப் போலப் பன்னிரண்டு வயது ஆனவள் ரகாட்சினா. இன்னும் சில வருடம் போனால் ரகாட்சா. அதற்கப்புறம் சிஞ்ஞோரினா. அவர் ஒரு நாள் சுவரில் கையை வைத்து, உயரம் காட்டிக் காட்டி எங்களுக்கு விளக்கினார். ஏணிப்படி ஏறுவதுபோலக் கை மெல்ல மெல்ல மேலே போயிற்று. நாங்கள் சிரித்துச் சிரித்து வயிறு நோக நின்றோம்.

நம்மிடம் சொல் இல்லாமலா? பாப்பா, பொடிசு, வாண்டு, சில்வண்டு, குட்டி, வாலு, கழுதை என்று லயத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி போவதற்குள் பத்துப் பெயர் வாங்கிவிடலாம். தமிழ்ப் பள்ளி வாத்தியார் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை என்று ஏழு பருவத்தையும் பிரம்போடு மனப்பாடம் பண்ணவைத்தார். எல்லாம் ஏட்டோடு சரி. தோட்டத்தில் பெண்ணுக்கு இரண்டே பருவம். சின்னப் புள்ள, பெரிய ஆளு. ஒருநாள் காலையில் பாவாடையில் கறை தெரிந்தால் இதிலிருந்து அதற்குத் தாவிவிடுவாள்.

அக்கா தாவியது ஆறாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கையோடு. வருடக் கடைசி மழை பிடித்துக்கொண்டிருந்தது. அவளுக்கு ஜனவரியில் கான்வென்ட் பள்ளியில் புகுமுக வகுப்புக்கு இடம் சொல்லியிருந்தார் சிஸ்டர். அங்கேயே தங்கிக்கொள்ளலாம். எங்கள் தோட்டத்திலிருந்து எந்தப் பெண்ணும் அதுவரை இடைநிலைப் பள்ளிக்குப் போனதில்லை. அக்கா ஒரு வெள்ளைத் துணியை வட்டச் சட்டத்தில் இழுத்து மாட்டி, அங்கே போனதும் தலையணைக்குப் போட ஓரமெல்லாம் சிவப்புப் பூ தைத்துக்கொண்டிருந்தாள். என்னைத் தொடவிடமாட்டாள். "கை கழுவிட்டியா?" என்பாள். கழுவினாலும் தரமாட்டாள். எனக்கு அவள்மேல் ஒரே எரிச்சல். அவள் ஜனவரியில் போய்விடுவாள், சட்டம் எனக்கு வரும் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவள் பெரியவளானதும் லயத்துக்குப் பின்னால் தென்னங்கீற்றில் குச்சு கட்டினார்கள். குச்சு கட்டவேண்டியவர் தாய்மாமன். அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர் யாரும் இங்கே இல்லை. ஊர்விட்டு வந்த குடும்பங்களில் இது வழக்கம்தானே, உறவில் இல்லாததை ஊரில் தேடிக்கொள்வோம். வெளிக்காட்டு வேலைக்கு ஆள் பிரித்துவிடுகிற மண்டோர் அம்மாவைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அவரே மாமனாக நின்றார். கீற்று வெட்டியது, முடைந்தது, கட்டியது எல்லாம் அவர் கைதான். தாய்மாமன் சீராகச் சேலை, வளையல், மஞ்சள் எல்லாவற்றையும் தாம்பாளத்தில் வைத்து, தலையில் துண்டு கட்டிக்கொண்டு தப்பு முழங்க வந்தார். அதில் போலி எதுவும் இல்லை. அவர் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். நல்ல மனுஷன் என்றே சொல்வேன். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

அக்காவுக்கு உளுந்தங்களியும் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுத்தார்கள். எனக்கு ஒன்றும் கிடையாது. குச்சுக்குள் ஈர ஓலை வாசமும் மஞ்சள் வாசமும் கலந்து ஒருமாதிரி கிறக்கமாக இருக்கும். நான் கீற்று இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தால் அவள் முட்டையை எனக்கு நீட்டி, "நீ குடிச்சிடுடி, எனக்குக் குமட்டுது," என்பாள். நான் குடித்துவிடுவேன்.

சடங்கு நாளில் சிஸ்டரும் வந்தார். டீச்சரம்மா கூட்டி வந்தார். பூவும் வாழைமரமும் தப்புச் சத்தமும் தாம்பாள வரிசையும் பார்த்து, ஏதோ திருவிழா என்று நினைத்துக்கொண்டார். ஒரு பெண்ணுக்காக ஊரே கூடிச் சோறு போடுகிறதே என்று அவருக்குப் பூரிப்பு. அக்காவைச் சேலையில், தலைநிறைய மல்லிகையோடு பார்த்ததும் முகம் மலர்ந்து, கைகளைத் தட்டி, "சிஞ்ஞோரினா! எக்கோ லா சிஞ்ஞோரினா!" என்று சத்தமாகச் சொன்னார். சும்மா அழகு பார்த்துச் சொன்னது. சின்னப் பிள்ளை அம்மாவின் சேலையைச் சுற்றிக்கொண்டால் நாம் 'பெரிய மனுஷி வந்துட்டாங்க' என்போமே, அப்படி.

மண்டோர் மாமா கேட்டார், "என்னா டீச்சரம்மா சொல்றாங்க?"

"இனிமே சின்னப் புள்ள இல்லியாம். பெரிய பொண்ணாயிட்டாளாம்," என்றார் டீச்சரம்மா.

"கேட்டீங்களா? வெள்ளக்கார சிஸ்டரே சொல்லிட்டாங்க!" என்று மாமா கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். தம்பி பிறந்து அப்போது கொஞ்ச நாள்தான். அம்மாவுக்கு உதிரம் நிற்காமல், சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். அந்தச் சடங்குக்காக எழுந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

சடங்குப் பந்தலின் வாழைமரம் வாடி விழுவதற்குள் மாமா வீட்டுக்கு வந்தார். சாயங்காலம். அப்பா அப்போதுதான் செம்பனைக் குலை வெட்டிவிட்டு வந்து, வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"மச்சான், வீட்டுக்கு ரெண்டு ஆளு வேலைக்கு நிக்கணும்னு தொரை சொல்லிட்டாரு. தங்கச்சியால எந்திரிக்க முடியல. அசாம் ஜாவா பக்கமிருந்து ஒரு குடும்பம் வீடு கேட்டு நடையா நடக்குது. நான் எவ்வளவு நாளைக்குலா சமாளிக்கிறது?"

அப்பா செம்பைக் கீழே வைத்தார். "எங்கள எங்க போவச் சொல்றீங்க?"

"போவச் சொல்லலியே. மூத்தவ இருக்காளே. மருந்தடிக்கிற கும்பல்ல ஒரு ஆளு கொறயுது."

"அவ படிக்கிற புள்ள மச்சான்."

"படிக்கட்டும்லா, யாரு வேணாங்கிறா? ஸ்கூலு சனவரிலதானே. அதுவரைக்கும் அம்மாவுக்குப் பதிலா நிக்கட்டும். அதுக்குள்ள தங்கச்சி தேறிடும். சின்னப் புள்ளயா இருந்தா நானே வாயத் தொறப்பேனா? எங்கையால குச்சு கட்டினவன் நான்."

அப்பா உள்ளே திரும்பி அம்மாவைப் பார்த்தார். அம்மா தம்பிக்குப் பால் கொடுத்துக்கொண்டே அக்காவைப் பார்த்தாள். யாரும் அக்காவைக் கேட்கவில்லை. அவளாகவே, "நான் போறேன்பா. சனவரி வரைக்குந்தானே," என்றாள். பெரிய ஆள் அப்படித்தானே பேசவேண்டும்? அவளும் நம்பிவிட்டாள் என்றுதான் எனக்கு இப்போது படுகிறது. சேலையும் பூவும் போட்டு ஊரே கூடிச் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்?

மழை விட்ட நாட்களில் புல் தலைக்குமேல் வரும். அதைக் கருக்கத்தான் மருந்து. உங்களுக்குத் தெரியும் அந்த மருந்து. நீலமும் பச்சையுமாக இருக்கும், நாற்றம் குடலைப் பிடுங்கும். தண்ணீரில் கலந்து பம்பில் ஊற்றி முதுகில் மாட்டிக்கொண்டு, பொம்பிளைகள் வரிசையாகச் செம்பனை மரங்களுக்கு நடுவே அடித்துக்கொண்டே போவார்கள். அக்காவுக்குக் கொடுத்த பம்பு அவள் முதுகைத் தாண்டி இடுப்புக்குக் கீழே தொங்கியது. மூடி சரியாக மூடாது. குனிந்தால் கழுத்து வழியாக வழியும், நிமிர்ந்தால் இடுப்பு வழியாக வழியும். முதல் நாள் வீட்டுக்கு வந்தபோது அவள் சட்டையின் பின்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. வியர்வை என்று நினைத்தோம்.

பம்பின் வார் தோளில் தோலை உரித்துவிட்டது. அந்தப் புண்ணில் தினம் மருந்து ஊறியது. அம்மா தேங்காயெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் போட்டாள். தோட்டத்து டிரஸர் ஊதா மருந்தைத் தடவிவிட்டு, "புதுசுல அப்படித்தான் இருக்கும், தோலு மரத்துடும்," என்றார். தோல் மரத்தது. பிறகு மூக்கில் ரத்தம் வந்தது. பிறகு கை நகங்கள் வெளுத்து, ஒவ்வொன்றாக ஆட்டம் கண்டன. ஒரு நாள் தைக்க உட்கார்ந்தவள் ஊசியைப் பிடிக்கமுடியாமல் சட்டத்தை என் மடியில் போட்டாள். "இந்தா, நீயே வச்சுக்க." கை கழுவினாயா என்றுகூடக் கேட்கவில்லை. அது கிடைத்ததில் எனக்கு வந்த சந்தோஷத்தை இன்றும் மறக்க முடியவில்லை. லயத்தை இடித்துத் தாமான் குடியிருப்பு கட்டியபோது அந்தச் சட்டமும் எங்கோ போய்விட்டது.

தையலுக்கு அக்கா வராததைப் பார்த்த சிஸ்டர் டீச்சரம்மாவிடம் கேட்டிருக்கிறார். டீச்சரம்மா சொன்னதும் அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். ஊசி, நூல், பிஸ்கட் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, டீச்சரம்மாவையும் இழுத்துக்கொண்டு ஆபீசுக்கு நடந்தார்.

தொரை நம்ம நாட்டுக்காரர்தான். வெள்ளைக்காரத் தொரைகள் போன பிறகு வந்தவர். மரியாதையாக நாற்காலி போட்டார். சிஸ்டர் உட்காரவில்லை. ஆங்கிலமும் இத்தாலியும் கலந்து பொரிந்து தள்ளினார். நடுநடுவே பம்பீனா, பம்பீனா என்றார். என் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தி, என் தலைக்குமேல் ஒரு சாண் உயரத்தில் கையை வைத்து, அக்கா இவ்வளவுதான் என்று காட்டினார்.

தொரை மண்டோர் மாமாவைக் கூப்பிட்டு விசாரித்தார். மாமா கையைக் கட்டிக்கொண்டு, "சடங்கு முடிஞ்ச பொண்ணுங்க. ஊரே சாப்பிட்டுச்சு. சிஸ்டரும் வந்தாங்க. அவங்களே கைதட்டிப் பெரிய பொண்ணுன்னு சொன்னாங்க," என்றார். பொய் சொல்கிறவர் குரல் அதில் இல்லை.

தொரை சிஸ்டரிடம் அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். கிண்டலாக இல்லை, ஆறுதலாகத்தான். வீட்டுக்காரர்கள் சம்மதித்த விஷயம், உங்கள் ஊர் வழக்கம் வேறு, எங்கள் ஊர் வழக்கம் வேறு என்றாராம். டீச்சரம்மா பிற்பாடு சொன்னது.

அன்று தான் கைதட்டியது எதற்கு என்று அந்த ஆபீசில் நின்றுதான் சிஸ்டருக்குப் புரிந்தது. பந்தலில் ஒரு விளையாட்டுச் சொல், ஆபீசில் சாட்சியாக வந்து நின்றது. சிற்றாலயத்துக்குத் திரும்பி வந்ததும் டீச்சரம்மாவைப் பார்த்து, "எனக்கு ஏன் சொல்லவில்லை?" என்று மலாயில் கேட்டார்.

"என்னான்னு சொல்றது சிஸ்டர்? நல்ல காரியந்தானே செஞ்சோம்?" என்றார் டீச்சரம்மா தமிழில். பிறகு அதை மொழிபெயர்க்காமலே விட்டுவிட்டார்.

ஜனவரி வந்தது. அதற்குள் அக்காவால் கிணற்றடிவரை நடக்க முடியவில்லை. நாலடி வைத்தால் நின்று மூச்சு வாங்கினாள். உதடு நீலம் பாரித்தது. தோட்டத்து லோரியில் பாயைப் போட்டுப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் வயது கேட்டபோது அப்பா வாயைத் திறப்பதற்குள் மாமா, "பதினெட்டு," என்றாராம். டாக்டர் போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு, "யாருக்குப் பதினெட்டு?" என்றாராம். நுரையீரல் காய்ந்துபோய்விட்டது, தோல் வழியாக மருந்து உள்ளே போயிருக்கிறது, செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார்கள். சிஸ்டர் தினமும் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பள்ளி திறந்த வாரத்திலேயே அக்கா போய்விட்டாள்.

அதே லோரியில் வீட்டுக்கு வந்தாள். லயத்து வாசலில் கிடத்தினார்கள். மாமா கோடித் துணியோடு வந்தார். அதையும் தாய்மாமன்தானே போடவேண்டும். போட்டுவிட்டு, அப்பாவின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, எல்லோர் காதிலும் விழும்படியே மெல்லச் சொன்னார்.

"மச்சான், தொரை ஒரு வார்த்த சொல்லச் சொன்னாரு. யாராவது வந்து விசாரிச்சா, அவ வேலைக்கு நிக்கலன்னு சொல்லிடுங்க. சின்னப் புள்ள, அப்பனுக்குத் தண்ணி கொண்டாந்துச்சு, அவ்வளவுதான்னு. வீட்டப் பத்தி ஒண்ணும் கவலைப்பட வேணாமாம்."

அதற்குள் கோயில் தலைவர் எழுந்தார். விறகு ஏற்பாட்டைப் பற்றிப் பேச்செடுத்தார். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். சின்னப் பிள்ளை செத்தால் மண், பெரியவர்கள் செத்தால் நெருப்பு. "சடங்கு ஆன பொண்ணு. கட்டைலதான் வைக்கணும்," என்றார் அவர். ஆண்கள் ஆமாம் போட்டார்கள்.

அம்மா அதுவரை அழக்கூட இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். தம்பி அவள் இடுப்பிலிருந்து நழுவினான். யாரோ வாங்கிக்கொண்டார்கள்.

"ஆபீசுக்கு அவ சின்னப் புள்ள. கோயிலுக்கு அவ பெரிய ஆளு. எங்கிட்ட யாரும் கேக்கலியே? பெத்தவ சொல்றேன். அவளுக்குப் பன்னெண்டு வயசு. எம்புள்ளய எரிக்காதீங்க. மண்ணுல வையுங்க. நானுந்தான் அவளப் பெரியவன்னு மணையில உக்கார வச்சேன். இப்பவாவது சின்னப் புள்ளயா உடுங்க."

தலைவர் ஏதோ சொல்ல வந்தார். "வழக்கம்னு ஒண்ணு…" என்று ஆரம்பித்தார். அப்பா எழுந்தார். கதவோரம் சாத்தியிருந்த சாங்கூல் மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நடந்தார். யாரும் அவரைத் தடுக்கவில்லை.

பெண்கள் சுடுகாட்டுக்குப் போகக்கூடாது. நான் சின்னப் பிள்ளை என்பதால் என்னை யாரும் கணக்கில் எடுக்கவில்லை, பின்னாலேயே போய்விட்டேன். காவாய் ஓரத்தில், தோட்டத்துக் குழந்தைகளைப் புதைக்கிற இடம். அடையாளத்துக்கு வைத்த கற்கள் பாதி புல்லில் மறைந்திருந்தன. அப்பா அந்த வரிசையின் கடைசியில் வெட்டினார். களிமண். வெட்ட வெட்ட அடியில் தண்ணீர் ஊறியது. நாலு பேர் உதவிக்கு வந்தார்கள். அவர் மண்வெட்டியைக் கொடுக்கவில்லை.

சிஸ்டர் வந்து சற்றுத் தள்ளி நின்றார். வெள்ளை அங்கியின் ஓரமெல்லாம் சேறு.

வெட்டி முடித்து, மேலே ஏறி, "கொண்டாங்க," என்றார் அப்பா.

கொண்டுவந்து இறக்கினார்கள். குழி பத்தவில்லை. தலைமாடு மண்ணைத் தொட்டபோது கால் இந்தப் பக்கத்துச் சுவரில் இடித்துக்கொண்டு நின்றது. எந்த வயதுப் பிள்ளையை மனதில் வைத்துக்கொண்டு அவர் அந்த அளவில் வெட்டினார் என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்த குழிமேடுகளெல்லாம் அந்த அளவுதான்.

"முட்டியக் கொஞ்சம் மடக்கிட்டா செரியாயிடும்," என்றார் யாரோ.

அப்பா அவளைத் தூக்கிப் புல்மேல் படுக்கவைக்கச் சொன்னார். கலைந்த துணியை அவரே இழுத்துவிட்டார். பிறகு மறுபடியும் குழிக்குள் இறங்கி, கால்மாட்டு மண்ணை வெட்டத் தொடங்கினார்.